பரம்பரையாக வந்த தங்க வாட்ச்: எங்கே, எப்போது, யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இது: கொள்ளுத்தாத்தா கட்டியிருந்த தங்கக் கைக்கடிகாரம் இப்போது கைக்கு வந்திருக்கிறது. டயலில் பெயரே இல்லை. பின்மூடியின் உட்புறத்தில் ‘ஜி.எஸ்.’ என்ற எழுத்துகள், 9 என்றும் .375 என்றும் எண்கள், ஒமேகா எழுத்தை நினைவூட்டும் நுனி சுருண்ட ஒரு குறி, ‘ஜி’ என்ற சிறிய ஆங்கில எழுத்து, கூடவே ஆறு இலக்க எண் ஒன்று. மிஷினில் ‘15 ஜூவல்ஸ்’, ‘ஸ்விஸ் மேட்’ என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. இது ஒமேகா வாட்சா? யார் செய்தது, எந்த வருடம், எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ள முடியும்?

நேரடியாகச் சொன்னால், அந்தச் சுருண்ட குறிக்கும் ஒமேகா கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. அது, தங்கத்தின் தரத்தைச் சோதிக்கும் லண்டன் சோதனை அலுவலகம் வெளிநாட்டிலிருந்து வந்த தங்கத்துக்கு அடித்த முத்திரை. ‘ஜி.எஸ்.’ என்பதும் வாட்ச் செய்தவர் பெயர் அல்ல. கேஸ் 9 காரட் தங்கம். 1922 மே மாதத்துக்கும் 1923 மே மாதத்துக்கும் இடையில் லண்டனில் சோதிக்கப்பட்டது. மிஷின் சுவிட்சர்லாந்தில் செய்தது. அதைச் செய்த தொழிற்சாலையின் அடையாளம் பெரும்பாலும் டயலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இதையெல்லாம் எப்படிப் படிப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். வேறு நாட்டு முத்திரை உள்ள வாட்ச் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

பழைய வாட்ச் எதற்கும் ஒரே ஒரு பிறந்த ஊர் கிடையாது. கேஸ் ஒருவர் செய்திருப்பார், மிஷின் இன்னொருவர், டயல் மூன்றாமவர். இவற்றை வாங்கிக் கோத்துத் தன் பெயரிலோ பெயரே இல்லாமலோ விற்றவர் நான்காமவர். தேடுபவர்கள் தடுமாறுவதே இங்கேதான். மூடியில் ஒரு எழுத்தைப் பார்த்ததும் அதுதான் ‘கம்பெனி’ என்று முடிவுகட்டி, கிடைத்த தகவலையெல்லாம் அதற்குள் திணிப்பார்கள். ஒவ்வொரு பாகத்தின் வரலாற்றையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு, கடைசியில் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் சரியான வழி.

திறப்பதற்கு முன் இரண்டு விஷயம். பாலிஷ் போடாதீர்கள், போடச் சொல்லிக் கடையிலும் கொடுக்காதீர்கள். முத்திரைகளின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். பஃப் சக்கரத்தில் இரண்டு முறை பிடித்தால் மழுங்கிவிடும். ஓடுகிறதா பார்க்கலாம் என்று முழுச் சாவி கொடுப்பதும் வேண்டாம். பல வருடம் கிடந்த வாட்சில் எண்ணெய் காய்ந்து பிசின் ஆகியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கர அச்சுகளின் மெல்லிய முனைகளான பிவட்டுகள் தேயும்.

மூடி எந்த வகை என்று பார்த்துத் திறக்க வேண்டும். அழுத்தி மூடும் வகையில், மூடியும் கேஸும் சேரும் விளிம்பில் எங்காவது நகம் நுழையும் அளவுக்கு ஒரு உதடு இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் லூப் வைத்து வெளிச்சத்தைச் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள், நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். கேஸ் திறக்கும் மழுங்கிய கத்தியை அந்த உதட்டில் வைத்து மெல்லத் திருக வேண்டும், நெம்பக் கூடாது. நெம்பும்போது கத்தி சறுக்கினால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் வீல் மேல் நேராகப் போய் நிற்கும். கீல் உள்ள பாக்கெட் வாட்சில் வெளிமூடிக்குள் இன்னொரு மூடி இருக்கும். முத்திரைகள் இரண்டிலும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். முன்மூடி போட்ட ஹன்டர் வகையை மூடும்போது, சாவி கொடுக்கும் குமிழான கிரவுனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூட வேண்டும். சும்மா ‘டப்’பென்று அடித்து மூடினால் தாழ்ப்பாள் விளிம்பு தேய்ந்து, பிறகு மூடி நிற்காது. அமெரிக்கப் பாக்கெட் வாட்ச் சிலவற்றில் பின்பக்கம் திறக்கவே திறக்காது. முன்வளையத்தைத் திருகிக் கழற்றி, கிரவுனை வெளியே இழுத்தால் மிஷின் கீலில் ஆடி வெளியே வரும்.

1910, 1920-களின் கைக்கடிகாரங்களில் ஒரு வகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடியைச் சுற்றிய வளையத்தின் விளிம்பில் நாணயத்தின் ஓரம் போலப் பொடிக் கோடுகள் இருந்தால், அது ஜெனீவாவின் பிரான்ஸ்வா போர்ஜெல் 1891-இல் காப்புரிமை பெற்ற திருகு கேஸாக இருக்கலாம். அதில் பின்மூடி என்று தனியாக ஒன்று கிடையாது. பின்பக்கமும் பக்கச் சுவரும் ஒரே துண்டு. கத்தி வைத்தால் தங்கம் கிழியும், வேறொன்றும் நடக்காது. கிரவுனை முள் திருப்பும் நிலைக்கு இழுத்துவிட்டு முன்வளையத்தை இடப்பக்கமாகத் திருகினால் மிஷினோடு சேர்ந்து வெளியே வரும். கிரவுனை இழுக்காமல் திருகினால் உள்ளே தண்டு முறியும். கேஸுக்குள் ‘எஃப்.பி.’ எழுத்தும் சாவி உருவமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், போர்ஜெல்தான்.

திறந்ததும் முதல் வேலை புகைப்படம். ஒவ்வொரு முத்திரையையும் மூன்று கோணத்தில் விளக்கைச் சாய்த்து எடுங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாத எழுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

இப்போது உங்கள் வாட்சின் முத்திரைகளுக்கு வருவோம். பிரிட்டனில் 1907 ஜூன் முதல், இறக்குமதியாகும் தங்க, வெள்ளி வாட்ச் கேஸ்கள் எல்லாம் அங்கேயுள்ள சோதனை அலுவலகம் ஒன்றில் சோதித்து முத்திரை பெற்றே ஆக வேண்டும் என்று வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இறக்குமதிக் குறி. லண்டனுக்குச் சிம்ம ராசியின் குறி. இதைத்தான் பலரும் ஒமேகா என்று எண்ணி ஏமாறுகிறார்கள். பர்மிங்ஹாமுக்கு முக்கோணம், செஸ்டருக்கு ஓக் மரக் கொட்டை, எடின்பரோவுக்குப் பெருக்கல் குறி போன்ற புனித ஆண்ட்ரூ சிலுவை, கிளாஸ்கோவுக்கு ஒன்றுக்கொன்று தலைகீழாக நிற்கும் இரண்டு ‘எஃப்’. பிரிட்டனிலேயே செய்த கேஸ் என்றால் குறிகள் வேறு: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், செஸ்டருக்கு மூன்று கோதுமைக் கட்டும் ஒரு வாளும். ஆக, நங்கூரமா முக்கோணமா என்பதைப் பார்த்தாலே கேஸ் உள்ளூரா வெளியூரா என்று தெரிந்துவிடும். செஸ்டர் அலுவலகம் 1962-இலும் கிளாஸ்கோ அலுவலகம் 1964-இலும் மூடப்பட்டன.

9, .375 இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: ஆயிரத்தில் 375 பங்கு தங்கம். 14 காரட்டுக்கு .585, 18 காரட்டுக்கு .750. பிரிட்டிஷ் முத்திரையில் 15 காரட்டோ 12 காரட்டோ இருந்தால் அது 1932-க்கு முந்தையது. அந்த வருடம் இரண்டையும் நீக்கிவிட்டு 14 காரட்டைக் கொண்டுவந்தார்கள்.

அடுத்தது ‘ஜி’ எழுத்து, அதாவது வருட எழுத்து. லண்டனில் வருடத்துக்கு ஒரு எழுத்து. இருபது வருடத்தில் ஒரு சுற்று முடியும். பிறகு எழுத்தின் பாணியையும் சுற்றியுள்ள கேடய வடிவத்தையும் மாற்றி மறுபடி ‘ஏ’யிலிருந்து தொடங்குவார்கள். அதனால் சிறிய ‘ஜி’ ஒரே ஒரு வருடத்தைக் குறிக்காது. 1896-இல் தொடங்கிய சுற்றில் அது 1902, 1916 சுற்றில் 1922, 1956 சுற்றில் 1962. 1936 சுற்றில் பெரிய எழுத்து வரும், அதை விட்டுவிடலாம். மூன்றில் எது? 1902-இல் சிம்மக் குறியே கிடையாது, அது 1906-இல் வந்தது. ஆகவே அது போயிற்று. 1962 என்றால் மிஷினில் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் இல்லாமல் இருப்பது மிக அபூர்வம். பேலன்ஸ் வீலின் நடுவில் உள்ள கல்லைப் பாருங்கள். யாழ் வடிவத்தில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்திருந்தால் அது இன்காப்ளாக், 1930-களின் நடுவில் வந்த அமைப்பு. கல் வெறும் திருகுகளால் மட்டும் பிடிக்கப்பட்டிருந்தால் பழைய காலம். பட்டை மாட்டும் காதுகள் கம்பியை வளைத்து ஒட்டியது போல இருந்தாலும் அதே முடிவுதான். மிச்சம் 1922. எழுத்து மாறுவது மே மாத இறுதியில் என்பதால் 1922–23 என்று எழுதிக்கொள்வது சரி.

‘ஜி.எஸ்.’ ஜார்ஜ் ஸ்டாக்வெல் என்பவர் லண்டனில் பதிவு செய்த குறி. ஸ்டாக்வெல் நிறுவனம் வாட்ச் செய்ததே இல்லை. அவர்கள் சரக்கு அனுப்பும் முகவர்கள். சுவிட்சர்லாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்த வாட்ச்களைச் சோதனை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, சட்டப்படி யாராவது ஒருவர் பொறுப்புக் குறி பதிந்திருக்க வேண்டும். அந்த வேலையைப் பல கம்பெனிகளுக்காக இவர்கள் செய்தார்கள். அதனால்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ வாட்ச்களில் இதே ‘ஜி.எஸ்.’ வருகிறது. ‘ஏ.ஜி.ஆர்.’ குறியும் இப்படித்தான். அது ராபர்ட் பிரிங்கிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்தர் ஜார்ஜ் ரெண்டெல் பதிந்தது. மாறாக ‘டபிள்யூ & டி’ என்றால் வில்ஸ்டார்ஃப் & டேவிஸ், பின்னாளில் ரோலெக்ஸ் ஆன நிறுவனம்; அங்கே குறிக்கும் வாட்சுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பொறுப்புக் குறி யாருடையது என்று பார்த்ததோடு நிற்காமல், அவர் என்ன தொழில் செய்தார் என்றும் பார்த்தாக வேண்டும்.

டயலில் பெயர் இல்லாதது தரக் குறைவைக் காட்டாது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடைக்காரர்கள் சுவிஸ் தயாரிப்பாளர் பெயர் டயலில் வருவதை விரும்பவில்லை. வெறுமையாகவோ தங்கள் கடைப் பெயரோடோதான் கேட்டு வாங்கினார்கள். நல்ல கம்பெனிகளின் மிஷின்களும் பெயரில்லாமல் போனது இதனால்தான்.

மற்ற நாட்டு முத்திரைகளில் அடிக்கடி எதிர்ப்படுபவற்றைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தில் 1880-களின் தொடக்கத்திலிருந்து 1995 வரை, 18 காரட்டுக்கு ஹெல்வேஷியா என்ற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில். அதற்குப் பிறகு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. சாவி உருவத்துக்குள் எண் இருந்தால் அது ஜெனீவாவின் கேஸ் செய்பவரைக் குறிக்கும் எண், வாட்ச் கம்பெனியை அல்ல. பிரான்ஸில் 18 காரட்டுக்குக் கழுகுத் தலை; வெளிநாட்டிலிருந்து வந்ததற்கு 1893 முதல் ஆந்தை. ஆந்தையைப் பார்த்துப் பிரெஞ்சு வாட்ச் என்று எழுதுபவர்கள் நிறைய. உண்மையில் அது பிரான்ஸில் செய்யப்படவில்லை என்பதற்கான அடையாளம். ஜெர்மனியில் 1888 முதல் வட்டத்துக்குள் கிரீடம், பக்கத்தில் 585 அல்லது 750. ரஷ்யாவில் 56 என்று இருந்தால் அது வாட்சின் மாடல் எண் அல்ல, ஸோலோட்னிக் என்ற பழைய ரஷ்ய அளவுக் கணக்கில் தங்கத்தின் தரம், 583-க்குச் சமம்.

அமெரிக்காவில் பிரிட்டன் போல அரசுச் சோதனை முறை கிடையாது. அங்கே கேஸ் செய்பவர் அடிப்பதுதான் முத்திரை. இங்கே கவனம் தேவை. ‘வாரன்டட் 20 இயர்ஸ்’, ‘வாரன்டட் 25 இயர்ஸ்’ என்று இருந்தால் கெட்டித் தங்கம் இல்லை. ‘கோல்டு ஃபில்டு’, அதாவது பித்தளை போன்ற உலோகத்தின் மேல் தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டியது. மேல் தகடு தேய்ந்து அடியுலோகம் தெரிய எத்தனை வருடம் ஆகும் என்பதுதான் அந்த உத்தரவாதம். கெட்டித் தங்கத்துக்கு யாரும் வருடக் கணக்குப் போடுவதில்லை. 1920-களின் நடுவில் இந்த வருட உத்தரவாதம் நின்றுபோனது. ஆகவே அந்த வாசகம் ஓரளவு காலத்தையும் காட்டும். சுவிஸ் வாட்சில் ‘பிளாக்கே’ என்ற சொல்லும் 10 அல்லது 20 மைக்ரானும் இருந்தால் முலாம். 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. பர்மிங்ஹாமின் டெனிசன் கம்பெனி கோல்டு ஃபில்டு கேஸ்களுக்கு ‘மூன்’, ‘ஸ்டார்’ என்றெல்லாம் தரப் பெயர் வைத்திருந்தது. அவையும் வாட்ச் பிராண்ட் அல்ல.

சந்தேகம் இருந்தால் நகைக் கடையின் காரட் மீட்டரில் காட்டலாம், கீறல் விழாது. ஆனால் அந்தக் கருவி மேல்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தை மட்டுமே படிக்கும். தடித்த முலாமையும் தங்கம் என்றே சொல்லும். காதுகளின் முனை, விளிம்பு, கிரவுன் பக்கத்துத் தோள் போன்ற தேய்ந்த இடங்களில் ஒரு முறை, மூடியின் உட்புறத்தில் ஒரு முறை என்று பல இடங்களில் படிக்கச் சொல்லுங்கள். எண்கள் ஒத்துப்போனால் நம்பலாம். உரைகல், அமிலம் வேண்டாம். கிரவுனில் வேறு தரம் காட்டினால் பதற வேண்டியதில்லை. கெட்டித் தங்க வாட்சிலும் கிரவுன் பெரும்பாலும் முலாம்தான். அதேபோல் தங்கப் பாக்கெட் வாட்சின் உள்மூடியில் ‘மெட்டல்’ அல்லது ‘குவிவ்ர்’ என்று இருப்பதும் சகஜம். உள்மூடி மட்டும் செம்புக் கலவை என்று நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உள்மூடியில் நிறைய பிரெஞ்சு வாசகம் இருக்கும், அதிலும் ஏமாறுவார்கள். ‘ஆங்க்ர்’ என்பது லீவர் எஸ்கேப்மென்ட் (எஸ்கேப்மென்ட் என்பது ஸ்பிரிங்கின் விசையைச் சிறிது சிறிதாக விடும் அமைப்பு), ‘சிலாந்த்ர்’ சிலிண்டர் எஸ்கேப்மென்ட், ‘ருபி’ கற்கள், ‘ரெமோந்துவார்’ தனிச் சாவி இல்லாமல் கிரவுனிலேயே சாவி கொடுக்கும் வகை, ‘பிரவே’ காப்புரிமை. ‘ஸ்பிரால் பிரெகே’ என்று கண்டதும் பிரெகே கம்பெனி வாட்ச் கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். அது, பேலன்ஸ் வீலோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் வெளிச்சுற்றை மேலே வளைத்துவிடும் முறையின் பெயர். கண்காட்சிப் பதக்கங்களின் படமும் வருடமும் இருந்தால், அந்த வருடத்துக்குப் பிறகு செய்த வாட்ச் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மிஷினைப் பார்க்கும்போது பேலன்ஸ் பக்கத்தில் வேகம் திருத்தும் நெம்புகோலின் எழுத்துகளைக் கவனியுங்கள். ‘எஃப்–எஸ்’ என்றால் ஆங்கிலச் சந்தைக்கு, ‘ஏ–ஆர்’ என்றால் பிரெஞ்சு பேசும் சந்தைக்கு. இரண்டும் ஒரே சுவிஸ் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கலாம். பேலன்ஸ் வீலைத் தாங்கும் தகடான பேலன்ஸ் பாலத்தில் மூன்று பெரிய எழுத்துகள் இருந்தால் அது அமெரிக்க இறக்குமதிக் குறியீடு, 1930-களின் நடுவிலிருந்து வந்த வழக்கம்: ‘ஓ.எக்ஸ்.ஜி.’ ஒமேகா, ‘எல்.எக்ஸ்.டபிள்யூ.’ லாஞ்சின். ‘அன்அட்ஜஸ்டட்’ என்று பொறித்திருந்தால் மட்டமான மிஷின் என்று பொருள் கொள்ள வேண்டாம். அமெரிக்கச் சுங்க வரியைக் குறைக்க அப்படி எழுதி அனுப்பினார்கள். ஒரு சிறு சுவிஸ் சிலுவையும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் அது சுவிஸ் காப்புரிமை எண். எஸ்பாஸ்நெட் என்ற இலவசக் காப்புரிமைத் தளத்தில் ‘சி.எச்.’ சேர்த்துத் தட்டினால் மூல ஆவணமே வரும். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். பெயரில்லாத மிஷினுக்கு இதைவிட நல்ல துப்பு அரிது. காப்புரிமை பெற்றுப் பல வருடம் கழித்தும் அதே எண்ணைப் பொறிப்பார்கள் என்பதால் வருடத்துக்கு மட்டும் இதை நம்பக் கூடாது.

மேற்புறத்தில் ஒன்றும் இல்லை என்றால் டயலைக் கழற்ற வேண்டும். இதை வீட்டில் செய்யாதீர்கள். முள்ளை எடுக்கும்போது டயல் கீறும். எனாமல் டயல் என்றால் அதன் கால்களைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தாமல் இழுத்தால் முடி போன்ற விரிசல் விழும். ரிப்பேர்காரரிடம் சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே, டயலுக்கு அடியிலும் பேலன்ஸ் வீலுக்கு அடியிலும் உள்ள குறிகளைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எஃப்.எச்.எஃப். (ஃபோன்தெய்ன்மெலோன்), ஏ.எஸ். (அடால்ஃப் ஷில்ட்) போன்ற மூல மிஷின் தொழிற்சாலைகளின் சின்னமும், மிஷினின் மாடலைக் குறிக்கும் காலிபர் எண்ணும் அங்கேதான் இருக்கும். மிஷினின் விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சுவிஸ்காரர்கள் லீன் கணக்கில் அளப்பார்கள். ஒரு லீன் 2.256 மி.மீ. 29.3 மி.மீ. வந்தால் 13 லீன். விட்டம், பாலங்களின் வடிவம், கிரவுன் இழுக்கும்போது வேலை செய்யும் நெம்புகோல்களின் வடிவம் மூன்றையும் வைத்துப் பழைய உதிரிபாகப் பட்டியல்களில் பொருத்திப் பார்க்கலாம். பாலங்களின் வடிவத்தைத் தயாரிப்பாளர்கள் வாடிக்கையாளருக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பார்கள். டயலுக்கு அடியிலுள்ள நெம்புகோல்களை அவ்வளவாக மாற்ற மாட்டார்கள். அதனால் அந்தப் படம்தான் முக்கியம். எழுத்துக் குறியோ உருவச் சின்னமோ கிடைத்தால் மிக்ரோலிஸ்க் என்ற வணிகச் சின்னத் தளத்தில் தேடலாம்.

ஆறு இலக்க எண்ணைப் பற்றி. அது மூடியில் இருக்கிறது, ஆகவே கேஸ் எண். இணையத்தில் கிடைக்கும் ‘சீரியல் எண் – வருடம்’ அட்டவணைகள் பெரும்பாலும் மிஷின் எண்ணுக்கானவை, அதுவும் ஒரு குறிப்பிட்ட கம்பெனிக்கானவை. கேஸ் எண்ணை அதில் போட்டால் ஏதோ ஒரு வருடம் வரும், ஆனால் அர்த்தம் இருக்காது. கம்பெனி உறுதியாகி மிஷின் எண்ணும் இருந்தால் மட்டுமே அட்டவணை பயன்படும். உதாரணமாக, ஒமேகாவின் மிஷின் எண் ஒரு கோடியைத் தொட்டது 1944 வாக்கில். எல்ஜின் அதே ஒரு கோடியை 1903-லேயே எட்டிவிட்டது. ஒரே எண்ணுக்கு இரண்டு கம்பெனியில் நாற்பது வருட வித்தியாசம். வால்தம், எல்ஜின், ஹாமில்டன் போன்ற அமெரிக்கப் பெயர்கள் என்றால் பாக்கெட் வாட்ச் டேட்டாபேஸ் என்ற இணையதளத்தில் மிஷின் எண்ணைப் போட்டால் போதும், ரகமும் தோராய வருடமும் வந்துவிடும்.

கம்பெனி ஆவணங்களைக் கேட்பது அடுத்த படி. லாஞ்சின் கையெழுத்துப் பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. எண்ணும் படமும் அனுப்பினால் எப்போது, எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது என்று சொல்வார்கள். பதெக் ஃபிலிப்பும் வஷெரோன் கொன்ஸ்தான்தானும் கட்டணத்துக்கு ஆவணச் சான்று தருகின்றன. மிஷின் எண், கேஸ் எண் இரண்டும் வேண்டும். ரோலெக்ஸ் பொதுமக்களுக்குப் பழைய ஆவண விவரம் தருவதில்லை. எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் இருப்பது முதல் மொத்த வியாபாரியின் பெயர். பிரிட்டனுக்குப் போன லாஞ்சின் என்றால் பெரும்பாலும் ‘போம்’ என்ற முகவர் பெயர் வரும். அங்கிருந்து எந்தக் கடைக்குப் போனது, யார் வாங்கினார் என்பது பேரேட்டில் கிடையாது.

எல்லாம் கிடைத்தபின் பொருத்திப் பார்க்க வேண்டும். கேஸ் 1922, மிஷின் 1940-க்கு மேல் என்று வந்தால் பிற்காலத்தில் யாரோ மிஷினை மாற்றியிருக்கிறார்கள். தங்க விலை ஏறிய சமயங்களில், குறிப்பாக 1980 வாக்கில், கேஸ்களை உருக்கிவிட்டு மிஷினை மட்டும் விட்ட கதை உலகம் முழுக்க நடந்தது. அந்த அநாதை மிஷின்கள் பின்னால் வேறு கேஸ்களுக்குள் போயின. அடையாளங்கள் தெளிவானவை: மிஷினைப் பிடிக்கும் திருகின் தடம் கேஸ் விளிம்பில் இரண்டு இடத்தில் இருக்கும்; மிஷினைச் சுற்றி நிரப்பு வளையம் இருக்கும்; கிரவுன் தண்டு கேஸின் துளைக்கு நடுவில் வராமல் ஒருபக்கம் உரசும். அமெரிக்கப் பாக்கெட் வாட்சுக்கு இந்தச் சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அங்கே மிஷினையும் கேஸையும் தனித்தனியாகத்தான் விற்றார்கள். வாங்குபவர் கடையிலேயே தேர்ந்தெடுத்துப் பொருத்திக்கொண்டார். எண்கள் ஒத்துப்போகாதது அங்கே இயல்பு.

டயலும் மாற்றி எழுதப்பட்டிருக்கலாம். எழுத்தின் கோடு தடித்தும் மெலிந்தும் போவது, நிமிடப் புள்ளிகள் ஆறு மணிப் பக்கம் சீராக இல்லாதது, டயல் விளிம்பில் மறு பெயின்ட் அடிப்பவர் அடையாளத்துக்குப் போட்ட சிறு வெட்டு — இவற்றில் ஒன்று இருந்தாலும் டயலில் உள்ள பெயரை ஆதாரமாக எடுக்காதீர்கள். உங்கள் டயல் வெறுமையாக இருப்பதில் ஒரு நன்மை, அது பொய் சொல்லாது.

இரவில் ஒளிரும் பச்சை அல்லது பழுப்புப் பூச்சு முள்ளிலோ எண்களிலோ இருந்தால் அது ரேடியம். இப்போது ஒளிரவில்லை என்பதால் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒளி தரும் துத்தநாக சல்ஃபைடுதான் களைத்துப்போகும், ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். கண்ணாடி மூடியிருக்கும்வரை பெட்டியில் வைத்திருப்பதில் பிரச்சினை இல்லை. பூச்சைச் சுரண்டாதீர்கள், உதிர்ந்த தூளை ஊதாதீர்கள். ரிப்பேர்காரரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, கொள்ளுத்தாத்தாவின் கைக்கு எப்படி வந்தது என்பது. இதற்கு வாட்ச் தரும் சாட்சி ஒன்று உண்டு. பின்மூடியின் உட்புறத்தில் முத்திரைகளுக்கு நடுவே, ஊசியால் கீறியது போன்ற பொடி எழுத்துகள் இருக்கும். ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்தபோதும் ரிப்பேர்காரர் போட்டுவைத்த தன் பேரேட்டு எண், முதலெழுத்து, சில சமயம் மாதமும் வருடமும். விளக்கை மூடிக்கு இணையாகக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, மூடியைச் சுழற்றிச் சுழற்றிப் பாருங்கள். பேரேடு இல்லாமல் எண்ணால் பயன் இல்லை. ஆனால் ‘4-31’ என்பது போலத் தேதி ஒன்று இருந்தால் 1931-இல் யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்று உறுதி. எழுத்து எந்த மொழியின் வடிவத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வாட்ச் எந்த நாட்டில் இருந்தபோது அந்த சர்வீஸ் நடந்தது என்பதை ஊகிக்க அது உதவும். அடகுக் கடைகளும் இப்படிக் கீறி வைத்ததுண்டு.

இந்தத் தேதிகளைக் குடும்பத்துத் தேதிகளோடு ஒரே தாளில் வைத்துப் பாருங்கள்: பிறப்பு, வேலைக்குச் சேர்ந்தது, திருமணம், பயணம், ஓய்வு. 1922–23-இல் முத்திரை பெற்ற வாட்ச் அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள் விற்றிருக்கும். அப்போது அவருக்கு எட்டு வயது என்றால் அவர் முதல் உரிமையாளர் அல்ல. அவருடைய அப்பாவோ, பழைய வாட்சாக வாங்கியதோ என்று தேட வேண்டும். வெளிமூடியில் பொறித்த தேதி இருந்தால் அது பரிசு கொடுத்த நாள், செய்த நாள் அல்ல. இரண்டுக்கும் இடையில் பத்து வருடம் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். பழைய புகைப்படங்களில் மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் வீண் வேலை அல்ல. கம்பிக் காதுகளும் வட்டக் கேஸும் மங்கலான படத்திலும் அடையாளம் தெரியும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயத்தைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கேஸுக்குப் பாலிஷ் இல்லை, டயலுக்கு மறு பெயின்ட் இல்லை, மாற்றிய பழைய பாகங்கள் அனைத்தும் திருப்பித் தரப்பட வேண்டும். தேய்ந்த பழைய கிரவுனில்கூட ஒரு சின்னம் இருக்கலாம்.